காலையில் இரண்டு அரைக்கட்டை

என் மனைவியின் தைராய்டு மாத்திரை நூறு அடங்கிய டப்பாவில் வருகிறது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலைப் பலகாரம் முடிந்ததும், அதை எவர்சில்வர் தட்டில் கொட்டி எண்ணுவேன். யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை. எண்ணிவிட்டால் அடுத்த பதினான்கு நாளைக்கு ஒரு கவலை குறையும், அவ்வளவுதான். சென்ற தை மாதத்தின் கடைசி ஞாயிறன்று முப்பத்தெட்டு இருக்க வேண்டிய தட்டில் நாற்பத்தேழு இருந்தன. மூன்று முறை எண்ணினேன். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழுதான்.

ஒன்பது அதிகம். அப்படியென்றால் ஒன்பது நாளாக அவள் மாத்திரை போடவில்லை. தைராய்டையே எடுத்துவிட்ட உடம்புக்கு அந்த மாத்திரை சோறு மாதிரி. அதிலும் இன்னும் பதிமூன்று நாளில் அவள் மேடையேறிப் பாட வேண்டும். அந்த ஒன்பதுக்கு நானே காரணம் என்பது அடுத்த அரைமணி நேரத்தில் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறவள். பாடுவது சோல் என்ற வகை. அது என்ன பாட்டு என்று என் பக்கத்து உறவினர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ஆலயங்களில் பிறந்து, பிறகு வெளியே வந்து காதலையும் கோபத்தையும் அன்றாடக் கஷ்டத்தையும் பாடத் தொடங்கிய இசை என்று நான் சொல்வேன். அவள் சொல்கிற விளக்கம் வேறு. "ஜெபம் பண்ணிட்டிருக்கறப்ப நடுவுல கர்த்தர் மேலயே கோபம் வந்துருச்சுன்னா எப்பிடிப் பேசுவோமுங்க? அதுதான்."

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் அவளுடைய அப்பா தலைமையாசிரியர். ஒன்பது வயதில் கோயிலில் காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தை வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். கால் எட்டாததால் இரண்டு பைபிளைப் பெடல் மேல் வைத்துக் கட்டக் கேட்டு அடி வாங்கினாளாம். பதின்மூன்று வயதில், ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது பதினான்கு இசைத்தட்டுகளையும் ஒரு பாட்டுப் பெட்டியையும் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொன்று ஞானப்பாட்டு. மூன்று சோல். அந்த மூன்றையும் தேய்கிற வரை கேட்டாள். அடுத்த ஐப்பசியில் ஒரு மின்னலில் பெட்டி கருகிப்போயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் எதையும் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்காமல் விடுவதில்லை. எழுபது வயதிலும் அவள் அப்படித்தான். மிக்சி, டி.வி., செல்போன் சார்ஜர், எதுவானாலும் வேலை முடிந்த நிமிஷம் டக்கென்று சத்தம் கேட்கும்.

நான் அப்போது சோமனூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு, ஆயிரம் மீட்டரில் எத்தனை பழுது என்று எண்ணுவதுதான் வேலை. முப்பத்து நான்கு வருஷம் எண்ணினேன். எங்கள் ஊழியர் மன்றத்தில் வெள்ளைக்கார மேனேஜர் காலத்துப் பியானோ ஒன்று கிடந்தது. ஆலை ஆண்டு விழாவுக்கு வாசிக்க அவளை அழைத்திருந்தார்கள். ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. எல்லோரும் காதைப் பொத்தினோம். அவள் மட்டும் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, "உங்க சங்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல ஊதுதுங்க. ஆரோ தப்பா செஞ்சுபோட்டாங்க" என்றாள்.

என்னால் அதை விட முடியவில்லை. மறுநாள் மாடியேறிச் சங்கைப் பார்த்தேன். சுழலும் உருளையில் ஏழு வாய்கள். பரிசோதனைக் கூடத்துக் கருவியை வைத்து மோட்டாரின் வேகத்தை அளந்தேன். நிமிஷத்துக்கு 2880 சுற்று, நொடிக்கு 48. ஏழையும் நாற்பத்தெட்டையும் பெருக்கினால் 336 அதிர்வு. அவள் அழுத்திய கீழ்க் கட்டைக்கு 330. மேல் கட்டைக்கு 349. நடுவில்தான் ஊதியது. அளக்கும் கருவி ஒன்றும் இல்லாமல் காதை மட்டும் வைத்துச் சரியாகச் சொன்ன ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு வருஷத்தில் கல்யாணம். எங்கள் வீட்டில் தெலுங்கும் வெங்கடாசலபதியும், அவர்கள் வீட்டில் ஜெபமும் கீர்த்தனையும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்தொன்பது பேர் வந்தார்கள்.

அவள் மேடை முக்கால்வாசி சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவில்தான் இருந்தது. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓர் ஓட்டலில் பதினான்கு வருஷம், சனிக்கிழமை மாலைகள். ஊட்டியில் ஒன்பது கோடைகள். மூன்று சினிமாப் பாட்டுக்கு ஒரு சோல் பாட்டு என்று மேனேஜரோடு பேச்சு. அவள் தன் பாட்டைத் தொடங்கும்போது எத்தனை பேர் சாப்பிடுவதை நிறுத்துகிறார்கள் என்று நான் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். முதல் வருஷம் இரண்டு, மூன்று. கடைசி வருஷம் ஒரு சனிக்கிழமை இருபத்தாறு பேரின் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றது. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். "அதுல எத்தனை பேருக்குங்க புரை ஏறுச்சு?" என்று கேட்டாள்.

சபையிலும் சிக்கல் வந்தது. ஞாயிறு ஆராதனையில் பாட்டின் கடைசிச் சுரத்தை வளைக்கிறாள் என்று மூப்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "நான் வளைக்கலீங்க ஐயா. அது அங்கியே நிக்க மாட்டேங்குது" என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு இடத்தில் வளைத்தாள்.

இரண்டு கேசட் வந்தது. ஒவ்வொன்றிலும் எட்டுப் பாட்டு, அவளே எழுதி மெட்டமைத்தவை. அவற்றில் ஒன்று தமிழ்ப் பாட்டு, ஷிப்டு முடிந்தும் வீட்டுக்கு வராத புருஷனைத் திட்டுவது. மூன்றாவது அடியில் 'எங்கே' என்ற சொல்லில் குரல் படிப்படியாக ஏறி உச்சியில் நாலு எண்ணிக்கை நிற்கும். எந்த மேடையானாலும் அதில்தான் தொடங்குவாள். வராத புருஷன் நான்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

பிறகு ஓட்டல்காரர்கள் பாட்டுக்கு மிஷின் வாங்கினார்கள். அவள் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இதுவரை இருநூற்றுப் பதின்மூன்று பேர். ஒன்பது வருஷத்துக்கு முன் துடியலூரில் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தபோது, பழைய பியானோ படிக்கட்டில் திரும்பவில்லை. எண்பத்தெட்டுக் கட்டை உள்ள மின்சாரப் பியானோ வாங்கினோம். "இது சுருதி கலையவே கலையாதுங்க, மிஷின்" என்றார் கடைக்காரர். அவள் அதைப் பொட்டி என்றுதான் சொல்கிறாள்.

சென்ற ஆடியில் தைராய்டு அறுவைசிகிச்சை. முந்தின நாள் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "குரலுக்குப் போற நரம்பு நூல் மாதிரி இருக்குமுங்கய்யா. தொடாமத்தான் செய்வோம். ஆனாலும் மேல் ஸ்தாயி கொஞ்ச நாளைக்கு வராம இருக்கலாம். ஆறு மாசம் பாக்கணும்."

"எத்தனாம் நம்பர் நூல் மாதிரி இருக்குமுங்க?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அவள், "டாக்டர், அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சீங்கன்னா நாளைக்கு ஆபரேஷன் நடக்காது" என்றாள்.

புரட்டாசியில் பாடிப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பொட்டியின் முன் உட்கார்ந்து அந்தத் தமிழ்ப் பாட்டைத் தொடங்கினாள். 'எங்கே'யில் குரல் ஏறவில்லை, வெறும் காற்று வந்தது. மறுபடி பாடினாள். மறுபடி காற்று. மூடியைச் சாத்தினாள். "துணி போட்டு மூடிரலாமுங்க" என்றாள், அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிற சாதாரணக் குரலில். பதினொரு நாள் அதைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பியானோவைத் தொடாமல் இருந்த மிக நீண்ட இடைவெளி அதுதான். அதற்கு முன் பிரசவத்துக்கு எட்டு நாள்.

பதினோராவது நாள் ராத்திரி பொட்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் நான் தேடியது கிடைத்தது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் எல்லாக் கட்டைகளின் சுருதியும் அரைக்கட்டை அரைக்கட்டையாக இறங்கும். விரல் பழகிய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் மட்டும் கீழே இருந்து வரும். கிடைத்ததும் கையேட்டை மூடிவைத்துவிட்டேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து சுவிட்சைப் போட்டு, மூன்று அரைக்கட்டை இறக்கினேன். பிறகு ஒரு மாணவி வருவதாகப் பொய் சொல்லி அவளை உட்கார வைத்தேன்.

முதல் கட்டையை அழுத்தினாள். நிறுத்தினாள். தலையைச் சாய்த்துத் தன் கையைப் பார்த்தாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு பாட ஆரம்பித்தாள். 'எங்கே'யில் குரல் மெலிதாக ஏறி, மேலே போய், இரண்டு எண்ணிக்கை நின்றது.

"வருதுங்க" என்றாள், திரும்பாமல். நான் பேப்பரில் ஒரே வரியைப் பதினொரு முறை படித்தேன்.

சங்கின் சுருதியைச் சொன்ன காதுக்கு இது தெரியாமல் போகுமா என்ற பயம் எனக்கு இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, காதும் கொஞ்சம் மழுங்கியிருக்கும், நல்லதாயிற்று என்று நினைத்தேன். நல்லதாயிற்று என்று நினைத்ததை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

என் திட்டம் எளிமையானது. குரல் தேறத் தேற, அவளுக்குத் தெரியாமல் ஒவ்வோர் அரைக்கட்டையாக ஏற்றிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, எத்தனை அரைக்கட்டை, 'எங்கே' எத்தனை எண்ணிக்கை நின்றது. சுவிட்சை உனக்காகப் போட்டுவைக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்; காலையில் ஆறரைக்கு உட்கார்ந்து எட்டுக்கு எழுவாள். மாலை ஐந்துக்கு மறுபடி. மாலையில் நான் கீழே போய்விடுவேன். குடியிருப்பைச் சுற்றி நாற்பது சுற்று. ஏனென்றால் மாலையில் அவள் குரல் சிரமப்பட்டது, அதைப் பக்கத்தில் இருந்து கேட்க என்னால் முடியவில்லை. "காலையில இருக்கற தொண்டை சாயந்திரம் இருக்கறதில்லீங்க" என்பாள். களைப்பு, சகஜம்தான் என்றார் டாக்டர். கீழேயிருந்து எனக்குக் குரல் கேட்கும், சுருதி தெரியாது. எனக்கு எண்ண மட்டும்தான் வரும்.

கார்த்திகையில் மூன்றை இரண்டாக்கினேன். தாங்கினாள். மார்கழியில் ஒரு நாள் ஒன்றாக்கினேன். அன்று அவளுக்குச் சளி. பாட்டு நடுவில் இருமி, தண்ணீர் குடித்து, நிறுத்திவிட்டாள். மறுநாளே பயந்து இரண்டுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மார்கழியில்தான் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர், ஐம்பது வயதிருக்கும், வீட்டுக்கு வந்தாள். "மிஸ், நீங்க மேடையேறி அம்பது வருசமாச்சு. மாசியில ஒரு நாள் ஹால் எடுத்துட்டோம். வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

என் மனைவி சிரித்தாள். "இந்தப் பொட்டியவே எடுத்துட்டு வந்துரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"அங்கிள், மிஸ்ஸுக்குப் போய் பிளாஸ்டிக் பொட்டியா? பெங்களூர்ல இருந்து பெரிய பியானோ வருதுங்க, மூணு கால் வெச்சது."

மூன்று கால் பியானோவில் எந்தப் பொத்தானும் இருக்காது. அவள் விரலை எங்கே வைக்கிறாளோ சுருதி அங்கேதான் இருக்கும். முந்நூறு பேர் முன்னால் 'எங்கே' என்று ஏறுவாள், காற்று வரும். முன்கூட்டியே சொன்னால் மறுபடி துணி போட்டு மூடிவிடுவாள். சொல்லாவிட்டால் மேடையில் தெரியும். இந்த இரண்டையும் ஐம்பது நாளுக்கு மேல் மனதில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அப்படி இருக்கும்போதுதான் தட்டில் நாற்பத்தேழு மாத்திரை.

அவள் கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, டப்பாவுல ஒன்பது அதிகமா இருக்குது."

"அதுக்குள்ள எண்ணிட்டீங்களா? அடுத்த ஞாயித்துக்கெழமைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"ஒன்பது நாளாப் போடலையா நீ?"

"சித்த இருங்க. சத்தம் போடாதீங்க. அந்த மாத்திரை எனக்கு ஆகறதில்லீங்க. காதைக் கெடுக்குது."

"காதையா?"

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "காலையில மாத்திரையப் போட்டுட்டு உக்காந்தேன்னா எல்லாச் சுரமும் கீழ கேக்குது. கை ஒண்ணை அழுத்துது, காதுல வேற ஒண்ணு விழுகுது. புரட்டாசியில மூணு அரைக்கட்டை எறங்கியிருந்துச்சு. கார்த்திகையில தேவலை ஆகி ரெண்டாச்சு. மார்கழியில ஒரே ஒரு நாள் ஒண்ணு. அட, சரியாகுதுன்னு பாத்தா அடுத்த நாளே மறுபடி ரெண்டு."

என் நோட்டை யாரோ திறந்து உரக்கப் படிப்பது போல இருந்தது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்ககிட்டச் சொன்னா நீங்க தூங்குவீங்களா? வயசானா இப்பிடிக் காது எறங்குமாம், பத்திரிகையில படிச்சேன். முன்னெல்லாம் மில் சங்கு இருந்துச்சு, ஒத்துப் பாத்துக்குவேன். இப்ப எதை வெச்சுப் பாக்கறது? பொட்டி மிஷினு, அது மாறாது. அப்ப மாறுனது நாந்தானே? மாத்திரைய நிறுத்துனா ரெண்டு வாரத்துல முக்காவாசி உடம்ப விட்டுப் போயிருமாம். அதுக்குள்ள தெளிஞ்சா சரி. இல்லீன்னா புதன்கெழமை டீச்சர்கிட்ட ஹால் வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கறேன். குரல் போனாக்கூட சமாளிச்சுக்குவேனுங்க. காது போயிருச்சுன்னா மேடையில உக்காந்து என்னத்தப் பண்றது?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் ஒரு மொச்சை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"உன் காது நல்லாத்தான் இருக்குது" என்றேன். "அது நான்."

சொல்லிவிட்டேன். பொத்தான், காலை ஐந்து மணி, நோட்டு எல்லாம். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"நூத்திப் பதினெட்டு."

"தினமுமா?"

"தினமும் காலையில."

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "சரி. அப்ப சாயந்திரம் எதுக்குங்க மேல ஏத்தி வெச்சீங்க?"

"சாயந்திரம் நான் தொடறதே இல்லையே. காலையில வெச்சது ராத்திரி வரைக்கும் அப்பிடியே கிடக்கும், நாள் மாறுனாத்தான் சைபருக்குப் போயிரும்னு தினம் புதுசா வெக்கறேன்."

"கிடக்கலீங்க. சாயந்திரம் எல்லாம் சரியாக் கேக்கும். மாத்திரை எறங்கிருச்சாட்டம் இருக்குதுன்னு நினைச்சுக்குவேன்."

இரண்டு பேரும் எழுந்து பொட்டியிடம் போனோம். காலைப் பயிற்சி முடிந்து, வழக்கம்போலச் சுவரில் சுவிட்சு அணைந்திருந்தது. அவள் போட்டாள். நான் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். சின்னத் திரையில் சைபர் என்று வந்தது. காலையில் நான் வைத்தது இரண்டு. மறுபடி இரண்டு வைத்தேன். அவள் சுவிட்சை அணைத்தாள், போட்டாள். சைபர். இன்னொரு தடவை வைத்தேன். அணைத்தாள், போட்டாள். சைபர்.

"அணைச்சா மறந்துருதுங்க இது" என்றாள்.

கையேட்டை எடுத்து வந்து இருபத்து நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியிலேயே இருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு அவள் டக்கென்று அணைத்த சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். நூற்றுப் பதினெட்டு முறை கேட்டும் ஒரு முறைகூட எண்ணவில்லை. மாலையில் நான் கீழே சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் பழைய சுருதியில், பழைய இடத்தில், யாருடைய உதவியும் இல்லாமல் பாடியிருக்கிறாள். புரட்டாசியில் வராமல், ஐப்பசியில் பாதி வந்து, மார்கழியில் "இப்பச் சாயந்திரமும் பரவாயில்லீங்க" என்று சொன்னது அந்தக் குரல்தான். நான் ஐம்பது நாள் பயந்த மூன்று கால் பியானோவில் பாட வேண்டியதை அவள் தினமும் மாலையில் பாடி முடித்திருக்கிறாள்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். "ஏதாவது அடிங்க" என்றாள்.

நான் ஒரு விரலால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அழுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். முப்பது அழுத்தினேன். முப்பதும் சரி. முப்பத்தொன்றாவதாக ஒரே நேரத்தில் இரண்டு கட்டையை அழுத்திப் பார்த்தேன். "ஏமாத்தறீங்களா? ரெண்டு" என்றாள். குரல் உடைந்திருந்தது. மேல் ஸ்தாயியில் உடைகிற உடைசல் இல்லை அது.

டாக்டருக்குப் போன் செய்தோம். ஒன்றும் சேர்த்துப் போட வேண்டாம், மறுநாள் காலையிலிருந்து வழக்கம்போல ஒன்று, ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஊட்டுக்காரர் கணக்குல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க டாக்டர்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், "அந்த நோட்டைக் கொண்டாங்க" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். "இங்க என்னங்க, 'ரெண்டரை எண்ணிக்கை, நடுக்கம்'னு எழுதியிருக்கறீங்க? அது நடுக்கமில்லீங்க. வேணும்னே செஞ்சது." இன்னும் நாலைந்து பக்கம் திருப்பினாள். "காலையில வந்துருச்சேங்கற தைரியத்துலதான் சாயந்திரம் உக்காந்தேன். அது நெசம். அதுக்காக உங்களுக்கு மாலை போட முடியாது. என்னைய ஒன்பது நாள் மாத்திரை போடாம வெச்சுட்டீங்க."

"மாலை வேண்டாம்" என்றேன்.

"போடமாட்டேன்னுதான் சொல்றேன்."

புதன்கிழமை மாணவிக்குப் போன் போயிற்று. வேண்டாம் என்று சொல்வதற்கு இல்லை. பியானோவைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போடச் சொல்வதற்கு.

கச்சேரியன்று மாலை ஆறு மணிக்கு ஹாலில் முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள், அதில் முப்பது போல காலி. ஒத்திகையின்போதே அவள் மாணவியிடம், "உங்க அங்கிளைப் பியானோவுக்குப் பத்தடி தள்ளியே உக்கார வைங்க, கைய வெச்சுட்டு இருக்கமாட்டாரு" என்று சொல்லியிருந்ததால் எனக்கு மூன்றாம் வரிசையில் ஓர் ஓர நாற்காலி. பட்டுப்புடவை, கழுத்தில் தழும்பை மறைக்கிற ஒற்றை முத்துமாலை. உட்கார்ந்ததும் ஒரே ஒரு கட்டையை அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். என் பக்கம் திரும்பித் தலையாட்டினாள், சரியாக இருக்கிறது என்று. அப்புறம் அந்தப் பாட்டு. முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் 'எங்கே' ஏறத் தொடங்கியபோது நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். குரல் ஏறியது. பழைய பளபளப்பு இல்லை, ஓரத்தில் கொஞ்சம் பிசிறு இருந்தது, அந்தப் பிசிறோடேயே உச்சிக்குப் போய் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இறங்கும் வழியில் ஒரு தடவை வேண்டுமென்றே வளைத்தாள்.

பக்கத்து நாற்காலி அம்மாள் என் கையைத் தொட்டார். "ஏனுங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே? தண்ணி தரட்டுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்குதுங்க."

"அப்ப அந்த நாற்காலிய விடுங்க. முன்னாடி உக்காந்திருக்கறவரு திரும்பித் திரும்பிப் பாக்கறாரு."

விட்டேன். அதற்குப் பிறகு அவள் பாடிய பத்துப் பாட்டையும் முதுகைச் சாய்த்துக்கொண்டு கேட்டேன். வழியெல்லாம் காரில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

இப்போது பங்குனி. ரத்தப் பரிசோதனையில் எண்கள் எல்லைக்குள் இருக்கின்றன. பொட்டியில் அந்த இரண்டு பொத்தானின் மேலும் அவள் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டிவைத்திருக்கிறாள். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, செய்ய ஒன்றுமில்லை, பால் வருகிற வரை படுத்தே இருக்கிறேன். காலைப் பாட்டும் இப்போது பழைய சுருதியில்தான். சில நாள் 'எங்கே'யில் காற்று வருகிறது. இருமுகிறாள், வெந்நீர் குடிக்கிறாள், மறுபடி முதலடியிலிருந்து தொடங்குகிறாள். நான் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போவதில்லை. இன்று காலை மூன்றாவது முறையில் வந்தது. பலகாரத்துக்குப் பிறகு மாத்திரையைத் தட்டில் கொட்டினேன். புது டப்பா. தொண்ணூற்றொன்று இருக்க வேண்டும், தொண்ணூற்றொன்று இருந்தது.